ஐபேட் ஸ்கிரீன்ஷாட் வசதி: சஃபாரியில் அருமை, மற்ற ஆப்களில் அரைகுறை

பாடக் குறிப்பு, அரசாணை, ரயில் டிக்கெட் என்று திரையில் இருப்பதை அப்படியே எடுத்து வைக்க ஐபேட் நல்ல கருவி. ஆனால் அந்த வசதியின் முழுப் பலனும் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியில்தான் கிடைக்கிறது. இது ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 18-ஐ வைத்து எழுதிய மதிப்பீடு.

ஸ்கிரீன்ஷாட் எடுக்க, ஹோம் பட்டன் இல்லாத மாடல்களில் மேல் பட்டனையும் ஏதாவது ஒரு வால்யூம் பட்டனையும் ஒன்றாக அழுத்தி உடனே விட வேண்டும். ஹோம் பட்டன் உள்ளவற்றில் மேல் பட்டனும் ஹோம் பட்டனும். மேல் பட்டன் கொஞ்சம் முந்திக்கொண்டால் திரை அணைந்துவிடும். வால்யூமோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் பவர் ஆஃப் ஸ்லைடர் வந்து நிற்கும். ஐபேட் மினி 6-ல் வால்யூம் பட்டன்களும் மேல் விளிம்பின் மறுகோடியில் இருப்பதால் ஒரு கையால் எடுப்பது சிரமம்.

கீபோர்டு இருந்தால் இந்த வம்பே இல்லை. கமாண்ட், ஷிஃப்ட், 3 சேர்த்து அழுத்தினால் படம் விழும். 3-க்குப் பதில் 4 என்றால் படம் நேராக மார்க்கப்பில், அதாவது படத்தின் மேல் எழுதவும் வெட்டவும் உதவும் திரையில், திறக்கும். ஆப்பிள் பென்சிலில் இடது கீழ் மூலையிலிருந்து குறுக்கே இழுத்தால் போதும். பென்சில் முனை கண்ணாடியின் ஓரத்திலேயே தொடங்க வேண்டும். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் கோடுதான் விழும். நோட்ஸில் மூலைவரை எழுதுகிறவர்களுக்கு இது தானாகக் கிளம்பித் தொல்லை தரும். செட்டிங்ஸில் ஆப்பிள் பென்சில் பகுதிக்குப் போய் லெஃப்ட் கார்னர் ஸ்வைப்பை ஆஃப் செய்துவிடலாம்.

ஐபேட் ஸ்கிரீன்ஷாட்டின் உண்மையான பலம் ஃபுல் பேஜ். சஃபாரியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் இடது கீழே வரும் சின்னப் படத்தைத் தொட்டு, மேலே ஃபுல் பேஜ் தேர்ந்தெடுத்தால் பக்கம் முழுவதும் வந்துவிடும். அதை பிடிஎஃப்பாக ஃபைல்ஸில் சேமிக்கலாம்; ஐபேட்ஓஎஸ் 17 முதல் போட்டோஸில் படமாகவும் வைக்கலாம். ஒரு சிக்கல்: பல தளங்கள் கீழே நகர்த்தும்போதுதான் படங்களை இறக்கும். பக்கம் திறந்தவுடனே எடுத்தால் அந்த இடங்கள் வெறுமையாக விழும். முதலில் அடிவரை ஒருமுறை மெதுவாக நகர்த்திவிட்டு, பிறகு எடுங்கள்.

நோட்ஸ், பேஜஸ் போன்றவற்றிலும் ஃபுல் பேஜ் வரும். ஆனால் நீளமான அரட்டை, ஷாப்பிங் ஆப் பட்டியல் போன்ற இடங்களில் பெரும்பாலும் அந்தத் தேர்வே இருக்காது; துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். திரையை நகர்த்திக்கொண்டே நீளமாக எடுக்கும் சாம்சங் டேப்களின் ஸ்க்ரோல் கேப்சர் இந்த வேலையில் தெளிவாக முந்துகிறது. திரையில் வேண்டிய பகுதியை மட்டும் வளைத்து எடுக்கும் நேரடி வழியும் ஐபேடில் இல்லை. திரையை இரண்டாகப் பிரித்து இரு ஆப்களைக் காட்டும் ஸ்ப்ளிட் வியூவில் இரண்டு ஆப்பும் சேர்ந்தே விழும், பிறகு ஓரங்களை இழுத்து வெட்ட வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் வீடியோ இருக்கும் இடம் கறுப்பாக விழுவது பழுது இல்லை, அது நகல் தடுப்பு.

படம் தரம் குறையாத பிஎன்ஜி வடிவில் சேமிக்கப்படுவதால் பொடி எழுத்தும் கூர்மையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் கூர்மை போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஒரே ஒருவருக்கு அனுப்பிவிட்டு மறக்கப்போகும் படம் என்றால், டன் தொட்டதும் வரும் காப்பி அண்ட் டெலீட் நல்ல தேர்வு, கேலரியில் குப்பை சேராது.

மார்க்கப்பில் ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம் தேவை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இவற்றை ஹைலைட்டரால் கறுப்பாக அடித்து மறைக்காதீர்கள். அந்தக் கோடு ஊடுருவித் தெரியும் வகை. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண் வெளியே வந்துவிடும். கூட்டல் குறியைத் தொட்டு சதுர வடிவத்தைச் சேர்த்து, உள்ளே முழுக் கறுப்பு நிரப்பி எண்ணின் மேல் வையுங்கள். தேவையே இல்லாத பகுதி என்றால் வெட்டி எடுத்துவிடுவது இன்னும் பத்திரம்.