வகை சொல்லாத தொற்றா, கோரியோஅம்னியோனிட்டிஸா?

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் அமெரிக்க மருத்துவமனைக் கோப்புகளைப் பார்க்கும் மெடிக்கல் கோடர்களுக்கு, அதாவது மருத்துவர் எழுதிய நோய்க்குக் குறியீடு இடுபவர்களுக்கு, ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலின் இந்த இரண்டு குறியீடுகளும் தெரியும். ஓ41.1010 (ஓ என்பது ஆங்கில எழுத்து O) என்றால் பனிக்குடத் தொற்று, வகை குறிப்பிடப்படாதது. ஓ41.1210 என்றால் கோரியோஅம்னியோனிட்டிஸ், அதாவது கருவைச் சுற்றியுள்ள சவ்வுகளின் அழற்சி. எழுத்தையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவது இடம் மட்டுமே வேறு. ஆறாவது இடத்தின் 1, 14 வாரம் நிறையாத கர்ப்பத்தைக் குறிக்கிறது.

கோப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 12 வாரம், காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ், வெள்ளணு 16,000, மருத்துவர் எழுதியது 'பனிக்குடத் தொற்று'. இரண்டாவது குறியீட்டுக்குக் கை நீளும். நீளக் கூடாது. கர்ப்பத்தில் வெள்ளணு இயல்பாகவே உயரும். காய்ச்சல் சிறுநீர்த் தொற்றாலும் வரும். பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பதும் வழக்கமாக 15 வாரத்துக்குப் பிறகுதான். காய்ச்சல், வெள்ளணு போன்ற பிரசவ நேரத்துக்கான அளவுகோல்களை இங்கே அப்படியே பொருத்த முடியாது. நோயைத் தீர்மானிப்பது மருத்துவர். எண்களைப் பார்த்து நாம் ஊகிப்பது அந்தப் பெண்ணின் மருத்துவ வரலாற்றில் தவறான நோயை எழுதுவதாகும்.

உள்நோயாளிக்கு நச்சுக்கொடித் திசு அறிக்கை மட்டும் கோரியோஅம்னியோனிட்டிஸ் என்று சொன்னாலும் போதாது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேள்வி அனுப்ப வேண்டும். அவர் உறுதிசெய்தால் ஓ41.1210, இல்லையென்றால் தயங்காமல் ஓ41.1010.

கரு தானாகக் கலைந்து, அதைத் தொடர்ந்து இடுப்புக்குழித் தொற்று என்றால் ஓ03 பிரிவைப் பாருங்கள்: முழுமையாகக் கலையாவிட்டால் ஓ03.0, கலைந்துவிட்டால் ஓ03.5.