ஜேசிபி வேலைக்கு பில்: மணிக்கணக்கா, யூனிட் கணக்கா?

மண்ணுக்குள் பாறையோ பழைய அஸ்திவாரமோ இருக்கலாம் என்றால் மணிக்கணக்குதான் நியாயம். பில்லில் தேதி, வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரின் தொடக்கம், முடிவு மூன்றும் வேண்டும்: 4212.3 முதல் 4218.8 வரை, 6.5 மணி. அந்த .5 என்பது 30 நிமிடம். 5 நிமிடம் என்று படித்துச் சண்டை வருகிறது. டிப்பருக்காக இன்ஜின் ஓடியபடி நின்றாலும் மீட்டர் ஏறும், ஆகவே காத்திருப்பைத் தனி வரியாக எழுதி அன்றே கையெழுத்து வாங்குங்கள். வண்டி கொண்டுவரும் கூலி, பேட்டா, குறைந்தபட்ச மணிநேரம் ஆகியவற்றை முன்பே சொல்லிவிட வேண்டும்.

வரைபடம் கையில் இருந்து, மண்ணும் தெரிந்ததென்றால் யூனிட் கணக்கு (ஒரு யூனிட் என்றால் 100 கன அடி) மேல். 5×5×5 அடியில் 20 குழி என்றால் 2,500 கன அடி, அதாவது 25 யூனிட். சிக்கல் லோடில்தான். வெட்டிய மண் உப்பும். 25 சதவீதம் உப்பினால் 3,125 கன அடி, மூன்று யூனிட் டிப்பரில் 11 நடை. லோடை எண்ணும் வாடிக்கையாளருக்கு 33 யூனிட் போலத் தெரியும். அதனால் ‘அளவு குழியில், லோடில் அல்ல’ என்று பில்லிலேயே எழுதி, மூடுவதற்கு முன் இருவரும் சேர்ந்து டேப் பிடித்த அளவுத்தாளை இணையுங்கள்.

பாறை தட்டினால்? பாறை உடைக்கும் பிரேக்கர் வேலை மட்டும் மணிக்கணக்கில், தனி வரியில்.