பட்டன் போன ஹார்டுவேர் வாலட்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

பிட்காயினை அனுப்பத் தேவையான ரகசிய எண்ணைப் பத்திரமாக வைக்கும் சின்னக் கருவிதான் ஹார்டுவேர் வாலட். என்னுடைய வாலட்டின் வலது பட்டன் போன மாதம் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. காந்திபுரத்தில் சர்வீஸ் கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பேர் வராதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். விஷயம் தெரிந்து திருப்பூரிலிருந்து நண்பர் போன் செய்தார்: "அப்ப உள்ள இருந்த பிட்காயின் போச்சுங்களா?" அவரும் ஒன்று வாங்கும் யோசனையில் இருக்கிறார்.

போகவில்லை. பிட்காயின் எப்போதும் பிளாக்செயின் என்ற, பல கம்ப்யூட்டர்களில் நகல் இருக்கும் பொதுப் பதிவேட்டில்தான் இருக்கிறது. கருவிக்குள் இருப்பது பிரைவேட் கீ என்கிற 256 பிட் ரகசிய எண். அதிலிருந்து வெளியே காட்டக்கூடிய பப்ளிக் கீ, பப்ளிக் கீயிலிருந்து காசு வாங்கக் கொடுக்கும் முகவரி. இந்தக் கணக்கு ஒரு பக்கம்தான் ஓடும். முகவரியை ஊருக்கே கொடுத்தாலும் பிரைவேட் கீயைக் கண்டுபிடிக்க நடைமுறையில் வழியில்லை. கீயைத் திரும்ப உருவாக்க உதவும் 24 சொற்களைக் கருவி ஆரம்பத்திலேயே காட்டும். தாளில் எழுதி வைத்த அந்தச் சொற்களை வேறு கம்பெனி கருவி ஒன்றில் போட்டேன். பி.ஐ.பி-39 என்ற பொது முறை இரண்டிலும் இருப்பதால் அதே முகவரிகள், அதே இருப்பு, அப்படியே வந்து நின்றன. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமில்லை.

ஆனால் திரை! இத்தனை காலமும் என்னைப் படுத்துவது அதுதான். காசு அனுப்பும்போது பிரைவேட் கீ கருவிக்குள்ளேயே இருந்துகொண்டு பரிவர்த்தனைக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறது. வெளியே வருவது கையெழுத்து மட்டும். பப்ளிக் கீயை வைத்து அதை யாரும் சரிபார்க்கலாம். கையெழுத்துக்குப் பிறகு பெறுநர் முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது. சரி, கையெழுத்துக்கு முன்னாலேயே மாறினால்? நாம் காப்பி செய்யும் முகவரியைத் திருடனின் முகவரியாக மாற்றி வைக்கும் வைரஸ்கள் கம்ப்யூட்டரில் வருகின்றன. அந்தத் தப்பான முகவரிக்கும் கீ சரியான கையெழுத்தே போடும். போன பணத்தைத் திருப்பித் தர அங்கே வங்கி மேனேஜர் யாரும் இல்லை. ஆக, நம்பிப் பார்க்க வேண்டிய ஒரே இடம் கருவியின் திரை. அதைப் போய் நகத்தளவுக்கு வைத்திருக்கிறார்கள். 42 எழுத்து முகவரியைத் துண்டு துண்டாகக் காட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பட்டனை அழுத்த வேண்டும். பட்டன் தேயாமல் என்ன செய்யும்? புதுக் கருவியிலும் இதே கதை. பெரிய திரை வைத்த மாடலுக்கு விலையை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அடிப்படையான ஒன்றைக் கூடுதல் வசதி மாதிரி விற்பது எனக்குக் கோபம்தான்.

கீயைக் காப்பதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் காசை, பிட்காயின் வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் கம்பெனியிடம் விட்டு வைக்கவும் மாட்டேன். ஆனாலும் நண்பரிடம் "இப்போதைக்கு வாங்காதீங்க" என்றுதான் சொன்னேன். மூக்குக் கண்ணாடி இல்லாமல் போன் நம்பரே படிக்க மாட்டார். முதல் நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு ஓகே அழுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் வரச் சொல்லியிருக்கிறேன். என் கருவியில் ஒரு முகவரியை முழுசாகப் படித்துப் பார்க்கட்டும், அப்புறம் முடிவு செய்யட்டும்.