முழங்கால் வலி போயிற்று, சுண்டு விரல் மரப்பு போகவில்லை: ரோடு பைக் ஃபிட்டிங், ஒன்றரை ஆண்டுக்குப் பின்

ரோடு பைக்கிற்கு முறையாக ஃபிட்டிங், அதாவது சீட்டையும் ஹேண்டில்பாரையும் என் உடலுக்கு ஏற்ப அளந்து பொருத்துவது, செய்துகொண்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதன்பின் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பெரும்பாலானவை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன் கிளம்பும் பயணங்கள். நடுவில் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிரெவே எனும் நெடுந்தூரப் பயணங்கள் இரண்டு.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் உயரம் 172 சென்டிமீட்டர். அதற்கு 54 அளவு சட்டகம் போதும் என்றாலும், கடையில் அன்று இருந்தது 56. “ஸ்டெம் மாத்திக்கலாம் சார், பிரச்சினையே இல்லை” என்று கடைக்காரர் சொன்னதை நம்பி (ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரைச் சட்டகத்தோடு இணைக்கும் தண்டு), வளரும் பிள்ளைக்கு ஒரு சுற்றுப் பெரிதாகச் சட்டை எடுப்பது போல அதை வாங்கி வந்தேன். நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் வலது முழங்காலின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். இரண்டு கைகளிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகும். வீட்டு வாசலில் சாவியைப் பூட்டில் நுழைத்துவிடுவேன், திருப்பத்தான் கட்டை விரலில் பிடி இருக்காது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குவதால் வருவது அது என்று அப்போது தெரியாமல், தடித்த கையுறை, ஜெல் டேப், ஜெல் சீட் கவர் என்று இரண்டு ஆண்டுகளாக வாங்கிக் குவித்தேன்.

ஃபிட்டிங் மூன்று மணி நேரம் நடந்தது. முதல் ஒரு மணி நேரம் ஃபிட்டர் சைக்கிளைத் தொடவே இல்லை. மேசையில் படுக்கவைத்துக் காலை மடக்காமல் எவ்வளவு உயர்த்த முடிகிறது என்று பார்த்தார். பழைய காயங்களைக் கேட்டார். ஒரு பஞ்சு அட்டையில் உட்காரவைத்து, இடுப்பெலும்பு பதிந்த இரண்டு குழிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தார். புதுச் சீட் வாங்கச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். இருக்கும் சீட்டே சரியான அகலம்தான், மேலே போட்டிருக்கும் ஜெல் கவரை மட்டும் எறிந்துவிடுங்கள் என்றார். மெத்தென்று இருப்பது எலும்பைத் தாங்காமல் உள்ளே அமுங்கி, நடுவில் இருக்கும் மென்மையான பகுதியை அழுத்துமாம். அவர் மீது எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

பிறகு நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினரில் சைக்கிளைப் பூட்டி, கணுக்காலிலிருந்து மணிக்கட்டு வரை மூட்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டி, பக்கவாட்டிலும் பின்னாலும் படம் பிடித்தார். பின்னாலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தபோது வெட்கமாகவே இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் என் இடுப்பு தராசுத் தட்டு போல இடமும் வலமும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் மடங்கும் கோணம் 25 முதல் 35 பாகைக்குள் இருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, எனக்கு 22. சீட் வரம்பு மீறிய உயரத்தில் இருந்தது என்று பொருள்.

இத்தனைக்கும் நான் குத்துமதிப்பாக வைக்கவில்லை. கவட்டையிலிருந்து தரை வரையான அளவை 0.883ஆல் பெருக்க வேண்டும் என்ற, அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் சூத்திரப்படி, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை 73.6 சென்டிமீட்டர் வைத்திருந்தேன். கோளாறு சூத்திரத்தில் இல்லை. சுவரோடு சாய்ந்து நின்று தொடைகளுக்கு இடையே புத்தகத்தை வைத்து அளந்தபோது புத்தகம் சாய்ந்திருக்கிறது. 81 சென்டிமீட்டர் காலை 83.4 என்று குறித்துவைத்திருக்கிறேன். அவர் சீட்டை 71.8க்கு இறக்கினார். பதினெட்டு மில்லிமீட்டர் என்பது சுண்டு விரல் அகலம்தான், ஆனால் கோணம் 31க்கு வந்துவிட்டது. ஸ்டெம்மை 110 மில்லிமீட்டரிலிருந்து 90ஆகக் குறைத்து, அதன் அடியில் உயரம் கூட்டும் வளையமான ஸ்பேசர் ஒன்றைச் சேர்த்து, இரண்டு ஷூக்களின் அடியிலும் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட்டையும் நகர்த்தினார்.

முதல் இரண்டு வாரம் பிடிக்கவே இல்லை. முக்காலியில் குந்தி மிதிப்பது போல இருந்தது. தொடையின் முன்பக்கம் வலித்தது. ஆலன் கீயை எடுத்துச் சீட்டைப் பழையபடி ஏற்றிவிடலாமா என்று மூன்று முறையாவது யோசித்திருப்பேன். ஐந்தாம் வாரத்தில் அந்த உணர்வு போயிற்று. இரண்டாம் மாதத்துக்குப் பிறகு முழங்காலின் பின்பக்க வலி இன்றுவரை திரும்பவில்லை. வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சராசரி ஒரு கிலோமீட்டர் கூடியிருக்கிறது, ஆனால் வலி இல்லாததால் வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக ஓட்டுகிறேன் என்பதால் அதை ஃபிட்டிங் கணக்கில் எழுத மாட்டேன்.

குறை ஒன்றும் உண்டு. இடது கிளீட் சற்றே உள்நோக்கித் திரும்பியிருந்ததால் மூன்றாம் வாரத்தில் அந்த முழங்காலின் வெளிப்பக்கம் புதிதாக நோவெடுத்தது. பழகிவிடும் என்றார்; பழகவில்லை. மறுசரிபார்ப்புக்குக் கட்டணம் இல்லை என்றாலும் நேரம் கிடைக்கப் பதினேழு நாள் ஆயிற்று. மயிரிழை அளவு திருப்பியதும் சரியான ஒன்றுக்காக அத்தனை நாள் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தது எரிச்சலாகத்தான் இருந்தது. ஃபிட்டிங்கிற்குப் போகிறவர்கள் மறுமுறைக்கான தேதியை அன்றே வாங்கிவிடுவது நல்லது.

கை மரத்துப்போவது பாதிதான் தீர்ந்தது. மாமல்லபுரம் போய்த் திரும்பும் தூரத்துக்கு இப்போது தொந்தரவு இல்லை. 150 கிலோமீட்டருக்கு மேல் சுண்டு விரல் மீண்டும் ஊறத் தொடங்குகிறது. சட்டகம் நீளம் என்பதால் கை இன்னும் எட்டித்தான் பிடிக்கிறது. நானே 80 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டுப் பார்த்தேன். முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தபோது முன்சக்கரம் தொட்டாற்சிணுங்கியாக வெட்டியது. அன்று மாலையே 90ஐத் திரும்பப் போட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது அவர் கொடுத்த அளவுத்தாள். ஒருமுறை சர்வீஸில் சீட் தண்டைக் கழற்றித் துடைத்துவிட்டு ஆறு மில்லிமீட்டர் தாழ்த்திப் பூட்டியிருந்தார்கள். முழங்காலின் முன்பக்கம் முணுமுணுத்த பிறகுதான் டேப் எடுத்து அளந்தேன். இப்போது தண்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறேன்.

ஃபிட்டிங்கிற்கு 9,500 ரூபாய், ஸ்டெம்முக்கு 2,800. ஞாயிற்றுக்கிழமை இருபது கிலோமீட்டர் வலியில்லாமல் ஓட்டுபவருக்கு இது தேவையில்லை. குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளும் அளவுக்குச் சீட்டை வைத்துக்கொண்டால் போதும். நீண்ட தூரம் போக நினைப்பவர் சைக்கிள் வாங்குவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும்; நான் வரிசையை மாற்றிச் செய்தேன். இப்போது பழைய 54 ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விற்பவர் நிறத்தையும் கியரையும் விவரிக்கும்போது, கிராங்க் மையத்திலிருந்து ஹேண்டில் குழாயின் மேல்முனை வரை எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்று நான் கேட்கிறேன். பாதிப்பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.