ரூப்ரிக் வைத்து இ-போர்ட்ஃபோலியோ திருத்துவது: ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் பி.எட். மாணவர்கள் பள்ளிப் பயிற்சிக்குப் போய்வந்ததும் பாடத்திட்டம், பாடம் எடுத்த வீடியோ, சுயமதிப்பீடு எல்லாவற்றையும் மஹாரா என்ற கட்டற்ற மென்பொருளில் இ-போர்ட்ஃபோலியோவாக, அதாவது மின்தொகுப்பாக, தொகுத்துக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் மொத்தமாகப் பார்த்து மதிப்பெண் போடுவேன். படமும் வண்ணமும் நிறைந்திருந்தால் கை தாராளமாகிவிடும். அது நியாயமில்லை என்று தோன்றியதால்தான் ரூப்ரிக்குக்கு வந்தேன்: எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதை வரிசை வரிசையாகவும், எந்தத் தரத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஒவ்வொரு வரிசையிலும் எழுதிவைக்கும் அட்டவணை அது.

முதல் ஆண்டு, அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009-இல் வெளியிட்ட வேல்யூ ரூப்ரிக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். நிறுவன அளவில் கற்றலை அலசுவதற்கானது, மதிப்பெண் போட அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. இன்னொரு தவறும் செய்தேன். நான்கு வரிசை, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை என்று எங்கள் இணையக் கற்றல் தளத்தில் ஏற்றினேன். ஒரு மாணவி வந்து, "மேடம், கூட்டினா 16-க்கு 10 வருது. எனக்கு ஏன் 50 சதவீதம்னு காட்டுது?" என்றாள். அவள் கேட்டது சரி. 62.5 வந்திருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூட்டுத்தொகையான 4-ஐத் தளம் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, 12-க்கு 6 என்று கணக்குப் போட்டிருந்தது. அதை மாற்றும் செட்டிங்கை நான் பார்க்கவே இல்லை. வகுப்பு முழுவதற்கும் மாற்றிப் போட்டேன். ரூப்ரிக்கை ஏற்றுபவர்கள் முதலில் பொய்யாக ஒரு மதிப்பெண் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அதிகம் பாடுபட்டது சுயமதிப்பீட்டு வரிசையில்தான். "ஆழ்ந்த சிந்தனை வெளிப்படுகிறது" என்று எழுதி வைத்திருந்தோம். ஒரே தொகுப்புக்குச் சக ஆசிரியை 4 போட்டார், நான் 2 போட்டேன். மனநிறைவு, அர்ப்பணிப்பு என்று ஒரு பக்கம் அழகாக எழுதியிருந்த தொகுப்பு அது. இன்னொரு மாணவர் எழுதியது நாலே வரி: பிள்ளைகள் 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்றார்கள், கரும்பலகையில் விளக்கியும் புரியவில்லை, மறுநாள் காகிதத்தை மடித்துக் காட்டினேன், "சார், 2/5 பாதியைவிடச் சின்னதாச்சே!" என்று ஒரு பையனே கண்டுபிடித்தான். மடித்த காகிதத்தின் படமும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்கப் பேசி, வரிசையை மாற்றினோம்: "வகுப்பில் நடந்த ஒன்றைக் குறிப்பிட்டு, அதனால் அடுத்த பாடத்தில் என்ன மாற்றினார் என்பதற்குச் சான்று இணைத்திருக்கிறார்." அதன்பின் எங்களுக்குள் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் வருவது அரிது. வடிவமைப்பு வரிசையை எடுத்தேவிட்டோம்.

ரூப்ரிக்கை முதல் வாரமே கொடுத்துவிடுகிறேன். அனுமதி பெற்ற பழைய தொகுப்பு ஒன்றை மாணவர்களே திருத்திப் பார்க்கிறார்கள். என்ன எதிர்பார்க்கிறோம் என்பது நான் சொல்வதைவிட அதில்தான் அவர்களுக்கு விளங்குகிறது.

ஒரு குறை மட்டும் இன்னும் உறுத்துகிறது. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட குழந்தையின் வீட்டுக்கே போய்ப் பேசி அழைத்து வந்ததை ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதற்கு எந்த வரிசையிலும் இடமில்லை. குறிப்பில் பாராட்டினேன், மதிப்பெண் ஏறவில்லை. இந்த ஆண்டு கடைசி வரிசையைக் காலியாக விட்டிருக்கிறேன். தன் வேலையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த இடத்தில் மாணவரே எழுதித் தருவார்.