உச்ச நேரத்தில் மின்சாரத்தைக் குறைத்தால் பணம்: வாக்குக் கொடுப்பதா, முடிந்தபோது மட்டும் குறைப்பதா?

உறைபொருள் கிடங்கு ஒன்றின் மின்சாரச் செலவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உச்ச நேரத்தில் மின்சாரத்தைக் குறைத்தால் பணம் தருகிற டிமாண்ட் ரெஸ்பான்ஸ் திட்டத்தில் நாங்கள் சேர்ந்து இது மூன்றாவது வருடம். முதல் வருடம், முடிந்தபோது மட்டும் குறைக்கிற விருப்பத் திட்டத்தில் இருந்தோம், அதற்குப் பிறகு, குறைப்பதாக முன்பே வாக்குக் கொடுக்கிற வாக்குத் திட்டம். இரண்டிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய இயந்திரச் சுமை உள்ள தொழிலுக்கு வாக்குத் திட்டம்தான் சரி. காரணம் பணத்தொகை இல்லை, எவ்வளவு குறைத்தோம் என்று கணக்கிட வைத்துக்கொள்கிற அடிப்படை அளவு, அதாவது பேஸ்லைன். அதைப்பற்றித்தான் நிறைய எழுதப்போகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வருடத்தில் சில மணி நேரம்தான் கிரிட்டுக்கு, அதாவது மின் வலையமைப்புக்கு, மூச்சு முட்டும். அந்தச் சில மணி நேரத்துக்காக ஒரு மின்நிலையத்தைக் கட்டிவைப்பதைவிட, பயன்படுத்துகிறவர்களிடம் “அப்போது கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டுப் பணம் கொடுப்பது மலிவு.

விருப்பத் திட்டத்தில் அழைப்பு வரும், முடிந்தால் குறைக்கலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம், அபராதம் கிடையாது. குறைத்த யூனிட்டுக்குத் தக்க பணம். கலிஃபோர்னியா 2021ல் தொடங்கிய அவசரகாலச் சுமைக் குறைப்புத் திட்டம் இந்த வகை, 2022ல் அங்கே குறைக்கும் ஒரு யூனிட்டுக்கு 2 டாலர் என்று வைத்தார்கள். அமெரிக்காவின் மொத்த மின்விற்பனைச் சந்தையிலும், மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2011ல் போட்ட 745ஆம் எண் ஆணைப்படி, குறைப்பது சிக்கனமாக இருக்கும் நேரங்களில், குறைக்கிற யூனிட்டுக்கும் உற்பத்தி செய்கிற யூனிட்டுக்கும் ஒரே விலை. மின் உற்பத்தியாளர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லும் என்று சொல்லிவிட்டது.

வாக்குத் திட்டத்தில் சீசன் முழுக்கத் தயாராக இருப்பதற்கே பணம். ஒருமுறைகூடக் கூப்பிடாவிட்டாலும் வரும். கூப்பிட்டு நாம் குறைக்காவிட்டால் அபராதம். பெரும்பாலானவர்கள் இந்த அபராதம் என்ற சொல்லைப் பார்த்ததும் விருப்பத் திட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம்.

இப்போது பேஸ்லைனுக்கு வருகிறேன். நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள் என்பதை எந்த மீட்டரும் நேரடியாகக் காட்டாது. எவ்வளவு எடுத்தீர்கள் என்பதைத்தான் காட்டும். குறைக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு எடுத்திருப்பீர்கள் என்பது ஒரு கணிப்பு, அந்தக் கணிப்புதான் பேஸ்லைன். பரவலான முறை ஒன்று, அழைப்புக்கு முந்தைய பத்து வேலைநாட்களில் அதே நேரத்துச் சராசரியை எடுப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

எங்கள் முதல் வருடத்தில், வெயில் திடீரென்று ஏறிய ஒரு வியாழக்கிழமை மாலை 4 முதல் 6 வரை அழைப்பு வந்தது. அதற்கு முந்தைய பத்து நாளும் மேகமூட்டம், அந்த நேரத்தில் எங்கள் சராசரி 310 கிலோவாட். அன்று வெயிலுக்குச் சும்மா விட்டிருந்தால் 375 போயிருக்கும், மதியம் 3 மணிக்கே மீட்டர் அதைக் காட்டியது. ஒரு கம்ப்ரஸரை நிறுத்தினோம், குளிரூட்டியில் படியும் பனியை உருக்குகிற டீஃப்ராஸ்ட்டைத் தள்ளிப்போட்டோம், ஃபோர்க்லிஃப்ட் சார்ஜர்களைக் கழற்றினோம். சுமை 300க்கு வந்தது. அதாவது 75 கிலோவாட் வீதம் இரண்டு மணி நேரம், 150 யூனிட் நிஜமாகவே குறைத்திருக்கிறோம். கணக்கு வந்தபோது 20 யூனிட் என்று இருந்தது. 310ல் 300 போக 10, இரண்டு மணி நேரத்துக்கு 20. அன்று சாயங்காலம் ஆறு பேர் கிடங்கில் ஓடியாடி வேலை பார்த்தார்கள், அவர்களிடம் இந்தத் தாளைக் காட்ட எனக்கு மனசே வரவில்லை.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. அதே நாளின் முற்பகல் சுமையை வைத்து பேஸ்லைனை ஏற்றிக்கொள்கிற ஒரு திருத்தம் உண்டு, அதைச் சேரும்போதே நாமாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எங்களைச் சேர்த்துவிட்டவர்கள் சொல்லவில்லை, நானும் படிவத்தைச் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் திருத்தம் இருந்தாலும் அடிப்படைச் சிக்கல் போகாது. கிரிட் நம்மைக் கூப்பிடுவதே வழக்கத்துக்கு மாறான நாளில்தான், பேஸ்லைன் கட்டப்படுவதோ வழக்கமான நாட்களை வைத்து. சுமை வெயிலோடு சேர்ந்து ஏறுகிற எந்தத் தொழிலுக்கும் இந்த முரண் இருக்கும். விருப்பத் திட்டத்தில் வருகிற பணம் முழுவதும் அந்தக் கழித்தல் கணக்கில்தான் நிற்கிறது, தயார்நிலைப் பணம் என்று தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது.

வாக்குத் திட்டங்கள் சிலவற்றில் வேறு ஒரு வழி இருக்கிறது. “இவ்வளவு குறைக்கிறேன்” என்று சொல்லாமல் “இந்த அளவுக்குக் கீழே வந்துவிடுகிறேன்” என்று சொல்லலாம். எங்கள் உச்சச் சுமை 390, நாங்கள் ஒப்புக்கொண்ட அளவு 250, ஆக 140 கிலோவாட்டுக்குத் தயார்நிலைப் பணம். அழைப்பு வந்தால் மீட்டர் 250க்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். மேகமூட்டமா, நேற்று என்ன ஓடியது, பத்து நாள் சராசரி என்ன, எதுவும் வேண்டாம். ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும், அவரும் கண்ணெதிரே உள்ள திரையில் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். போன சீசன் அழைப்பில் 235க்கு இறக்கினோம், அன்று மாலையே முடிவு தெரிந்துவிட்டது.

இன்னொரு வசதி, தற்செயலாக நம் சுமை ஏற்கெனவே தாழ்ந்திருந்தாலும் வாக்கு நிறைவேறியதாகிவிடும். 2022 டிசம்பர் 23, 24 தேதிகளில் எலியட் குளிர்புயல் வந்தபோது அமெரிக்காவின் பி.ஜே.எம். கிரிட் தன் வாக்குத் திட்டத்தாரைக் கூப்பிட்டது. விடுமுறைக்கு முந்தைய நாட்கள், நிறையப் பேர் ஏற்கெனவே குறைவாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் குறைந்த சுமை எதிர்பார்த்ததைவிட மிகவும் கம்மி. கிரிட்டுக்கு அது கவலைதான், அதனால் விதிகள் இனி இறுகலாம். ஆனால் உள்ளே இருக்கிற தொழிலுக்கு, அளவு வாக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை அது காட்டுகிறது.

சரி, அபராதம்? வாக்கைக் கஞ்சத்தனமாகக் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை. நாங்கள் கையெழுத்துப் போடும் முன் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். மைனஸ் 23ல் இருந்த அறையில் இரண்டு மணி நேரம் குளிரூட்டலை நிறுத்தி, கதவைத் திறக்காமல், ஒரு பெட்டியின் நடுவில் வெப்பமானியைச் செருகி வைத்தோம். அறைக் காற்று மைனஸ் 19க்கு ஏறியபோதும் பெட்டியின் நடுப்பகுதி அசையவே இல்லை. ஒத்திகையில் 230 வரை போக முடிந்தது, 250 என்று எழுதினோம். அக்ரிகேட்டர் எனப்படும் இடைநிறுவனம் வழியாகச் சேர்ந்தால் பல இடங்களை ஒன்றாகக் கூட்டிக் காட்டுவார்கள், ஒருவருடைய குறைவை இன்னொருவருடைய மிகுதி ஈடுகட்டும். அபராதம் வந்தால் யார் தலையில் விழும் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அபராதத்தைவிட எங்களை அதிகம் கடித்தது அழைப்பு முடிந்த பிறகு வருகிற கால் மணி நேரம். முதல் அழைப்பு முடிந்ததும் எல்லாக் கம்ப்ரஸரையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டோம், சுமை 455க்கு எகிறியது, அந்த மாதத்து மேக்சிமம் டிமாண்ட், அதாவது பில்லுக்கு எடுத்துக்கொள்கிற உச்சச் சுமை, அதுவாகிப்போனது. கிடைத்த பணத்தில் பெரும்பகுதி, அந்த உச்சச் சுமைக்குப் போடுகிற டிமாண்ட் சார்ஜுக்கே போயிற்று. இப்போது பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போடுகிறோம். எந்தத் திட்டமானாலும் இது பொருந்தும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, திட்டத்தில் சேராமலே உச்ச நேரக் கட்டணத்தைத் தவிர்ப்பது. டெக்சாஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதத்துக்கு ஒன்றாக நான்கு உச்சக் கால்மணி நேரங்களில் பெரிய நுகர்வோர் எடுக்கும் சுமையை வைத்துத்தான் அடுத்த வருட மின்கடத்தல் கட்டணம் வருகிறது. அந்த நான்கையும் ஊகித்துக் குறைத்துவிட்டால் நல்ல மிச்சம். ஆனால் முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள், நாமே ஊகிக்க வேண்டும். இதையும் வாக்குத் திட்டத்தையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பி.ஜே.எம். போன்ற இடங்களில் முந்தைய வருட உச்சச் சுமையில் இருந்து ஒப்புக்கொண்ட அளவைக் கழித்துத்தான் எத்தனை கிலோவாட்டுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். உச்ச நேரத்தில் குறைத்துக்கொண்டே வந்தால் கட்டணம் இறங்கும், கூடவே விற்க இருக்கிற கிலோவாட்டும் இறங்கும்.

டீசல் ஜெனரேட்டரை நம்பி வாக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் அதன் அனுமதியை எடுத்துப் படியுங்கள். அவசரகால ஜெனரேட்டரை இப்படிப் பயன்படுத்த அமெரிக்காவில் இருந்த 100 மணி நேரச் சலுகையை 2015ல் நீதிமன்றம் ரத்து செய்தது. பேட்டரி எங்களிடம் இல்லை, நொடிக்கணக்கில் பதில் சொல்ல வேண்டிய திட்டங்களிலும் நாங்கள் இருந்ததில்லை, அதனால் அவற்றோடு ஒப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. வாக்குத் திட்டத்திலும் எங்கள் அனுபவம் இரண்டு சீசன்தான், அடுத்தடுத்த நாட்களில் நான்கைந்து அழைப்பு வந்தால் ஆட்கள் தாங்குவார்களா என்பது இன்னும் பார்க்காத விஷயம்.

விருப்பத் திட்டம் பொருந்துகிற இடங்களும் இருக்கின்றன. ஆர்டரைப் பொறுத்து ஓடுகிற பட்டறை, எந்த வாரம் நிறுத்த முடியும் என்று சொல்லவே முடியாத அச்சகம், இவர்களுக்கு ஒரு எண்ணுக்குக் கட்டுப்படுவது கஷ்டம். அப்படிப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் போன வருடத்தின் அரைமணி நேர மீட்டர் பதிவை எடுத்து, மிகச் சூடான ஐந்து நாட்களுக்கு, அந்தத் திட்டத்தின் பேஸ்லைன் விதிப்படி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அந்த வேலை ஒரு மதியம்தான் பிடித்தது, அதுவும் ஒரு வருடம் கழித்து.