ஒரே சாயம், இரண்டு தொட்டிகள்: பிறையில் ஏழு வருட அனுபவம்

மலேசியாவின் பினாங்கில் உள்ள பிறையில், கடல் காற்று நேராக வந்து அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். 2018-இல் இரண்டு இரும்புத் தொட்டிகளுக்கு வெளிப்புறம் சாயம் பூசினோம். இரண்டுக்கும் ஒரே சரக்கு: அடியிலும் நடுவிலும் இரும்பை இறுகப் பிடிக்கும் எபோக்சி, மேலே வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன். முதல் தொட்டியில் பளபளப்பு மட்டும்தான் கொஞ்சம் மங்கியிருக்கிறது. இரண்டாவதில் பத்தே மாதத்தில் கொப்புளம் கிளம்பியது.

சாயம் போலி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மழைத் தண்ணீர் தேங்கும் அடி விளிம்பில் ஒரு கொப்புளத்தைப் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு வந்தது. தோலை நீக்கினால், அடியில் இரும்பு புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. உப்பு! கரடுத் துகள்களை வேகமாக அடித்து இரும்பைச் சுத்தம் செய்வதுதான் பிளாஸ்டிங். அதைச் செய்தால் துரு போகும். குழிகளுக்குள் இருக்கும் உப்பு முழுசாகப் போகாது. எந்தச் சாயத்துக்குள்ளும் ஈரம் மெல்ல மெல்ல நுழையும். அடியில் உப்பு இருந்தால் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சாயம் உப்பி எழும். முதல் தொட்டியை பிளாஸ்டிங்குக்கு முன் நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவினோம். இரண்டாவதுக்கு, நாள் இல்லை என்று வேலையை எடுத்திருந்த குத்தகையாளர் கழுவாமல் விட்டார். நானும் சரி என்று தலையாட்டினேன். அது இன்றும் உறுத்துகிறது.

ஏணியின் கைப்பிடியில் வேறு கோளாறு. மேல்பூச்சு வாழைப்பட்டை மாதிரி நீளநீளமாக உரிந்து வந்தது, கீழ்ப்பூச்சு அப்படியே இருந்தது. அந்தக் கீழ்ப்பூச்சைக் காலை ஏழு மணிக்குப் பூசியதன் விளைவு. காற்று 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் சுமார் 24 டிகிரியிலேயே பனி படியும்; இதுதான் பனிப்புள்ளி. இரவெல்லாம் குளிர்ந்த இரும்பின் சூடு அந்தப் புள்ளியை ஒட்டியே நிற்கும். இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் எபோக்சியை இறுக வைக்கக் கலக்கும் கடினமாக்கி ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு படலம் விடும். அதன்மேல் அடுத்த பூச்சு பிடிக்கவே பிடிக்காது. எங்கள் மூத்த சாயக்காரர் இரும்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "தம்பி, வெயில் ஏறட்டும்" என்பார். இப்போது இதை அளக்க மீட்டர் வாங்கிவிட்டோம். அவர் கை சொல்வதும் மீட்டர் சொல்வதும் பெரும்பாலும் ஒத்தே போகிறது.

மற்றபடி, கூர் விளிம்பிலும் வெல்டிங்கிலும் போல்ட்டிலும் சாயம் மெலிந்துவிடும். அங்கே முதலில் பிரஷ்ஷால் ஒரு கை தனியாகப் பூசுங்கள். சாயம் ஒன்று, கடினமாக்கி ஒன்று என்று வரும் இரண்டு டின் சரக்கைக் கண்ணளவில் கலக்க விடாதீர்கள். வெயிலில் எபோக்சியை மட்டும் பூசி விட்டால் மாவு மாவாக வரும்.

சாயத்துக்கு ஐந்தில் ஐந்து கொடுப்பேன். 2020-இல் இரண்டாவது தொட்டியை இரும்பு தெரியும்வரை சுரண்டி, கழுவி, உப்புச் சோதனை செய்து, பதினோரு மணிக்கு மேல்தான் பூசினோம். சாரம் கட்டிய கூலியே சாயத்தின் விலையைத் தாண்டியது. போன வாரம் அந்த அடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது.